வளையத்தில் ஏறாத குண்டு

நேற்று மாலை எங்கள் ஆய்வகத்தில் எஃகுக் குண்டு செங்குத்தான கம்பி வளையத்தைத் தலைகீழாகச் சுற்றி வெளியே வந்தது. தொடர்ந்து இருபது முறை விட்டோம், இருபது முறையும் சுற்றியது. தொடக்க உயரம் 46 செ.மீ. ஏழு வாரங்களுக்கு முன் இதே தண்டவாளத்தில் 40 செ.மீ. உயரத்திலிருந்து விட்டபோது, குண்டு ஒவ்வொரு முறையும் உச்சிக்குச் சற்று முன்னதாகவே கம்பியை விட்டு விலகித் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அந்த 6 செ.மீ. வித்தியாசத்தைத் தேடித்தான் இந்த ஏழு வாரமும் போயிற்று. பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவர்கள் யாராவது இதே வளையத்தைச் செய்யக்கூடும் என்பதால், அளவுகளையும் செலவையும் நாங்கள் எங்கெல்லாம் வழி தவறினோம் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

பள்ளிக் கண்காட்சிக்கு ஆற்றல் அழிவின்மை விதியைக் காட்டும் மாதிரி ஒன்று வேண்டும் என்று மாணவர்கள் கேட்டார்கள். உயரத்திலிருந்து உருண்டு வரும் குண்டு செங்குத்தான வளையத்தைத் தலைகீழாகச் சுற்றி வர வேண்டும். கணக்கு பாடநூலிலேயே இருக்கிறது. வளையத்தின் அடிமட்டத்திலிருந்து ஆரத்தைப் போல 2.5 மடங்கு உயரத்தில் விட்டால் உச்சியில் விழாமல் இருப்பதற்குத் தேவையான வேகம் கிடைத்துவிடும். நாங்கள் எடுத்துக்கொண்ட ஆரம் 15 செ.மீ. அது கம்பி வட்டத்தின் ஆரம் அல்ல, குண்டின் மையம் செல்லும் வட்டத்தின் ஆரம். அதன்படி 37.5 செ.மீ. போதும். உராய்வுக்கு இரண்டரை செ.மீ. ஒதுக்கி 40 செ.மீ. என்று முடிவு செய்து, தாங்கியை 42 செ.மீ. உயரத்தில் ஒட்டுப்பலகையில் வெட்டிவிட்டோம். முதல் தவறு அதுதான். தாங்கியை உயரமாக வெட்டி, வேண்டிய இடத்தில் துளை போட்டுக்கொண்டிருக்கலாம்.

தண்டவாளத்துக்கு எட்டாம் நம்பர் ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி), 4 மி.மீ. தடிமன், ஒரு கிலோ வாங்கினோம். வளையத்தை 32 செ.மீ. விட்டத்தில் வளைக்க வேண்டும். 32 செ.மீ. விட்டமுள்ள எதன் மீது சுற்றினாலும் கையை எடுத்ததும் கம்பி விரிந்துவிடுகிறது. மூன்று விதமான வாளிகளில் சுற்றிப் பார்த்த பிறகு, இருபது லிட்டர் பெயின்ட் வாளியின் அடிப்பகுதி சரியாக அமைந்தது. அதன் விட்டம் சுமார் 27 செ.மீ. அதில் இறுக்கிச் சுற்றிவிட்டால் 32-க்கு வந்து நிற்கிறது. இரண்டு கம்பிகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஒரே நேரத்தில் சுற்றினால் வளைவு இரண்டிலும் ஒன்றுபோல இருக்கும். தனித்தனியாகச் சுற்றிய முதல் ஜோடியைக் குப்பையில்தான் போட வேண்டியிருந்தது.

இரண்டு கம்பிகளையும் 20 மி.மீ. இடைவெளியில் (மையத்துக்கு மையம்) நிறுத்த, குறுக்கே வளைந்த துண்டுகளைப் பற்றவைக்க வேண்டும். ஊரில் கிரில் பட்டறை வைத்திருக்கும் பாய் செய்துகொடுத்தார். பற்றவைக்கும் இடத்தில் மட்டும் துத்தநாகப் பூச்சை அரத்தால் முழுவதும் சுரண்டிய பிறகே வேலையைத் தொடங்கினார். பூச்சோடு பற்றவைத்தால் வெளிவரும் புகை உடம்புக்குக் கெடுதல் என்று மாணவர்களிடமும் சொல்லி அவர்களைத் தள்ளி நிற்க வைத்தார். குறுக்குத் துண்டுகள் வளையத்தின் வெளிப்புறத்தில் இருக்க வேண்டும். முதல் இரண்டை உட்புறத்தில் வைத்துவிட்டோம். குண்டு அவற்றில் முட்டியது. அறுத்து எடுத்து மறுபடி வைத்தோம். கூலி 250 ரூபாய்.

குண்டு பழைய பேரிங் விற்கும் கடையில் வாங்கியது. விட்டம் ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ. நிறை 67 கிராம்.

எல்லாம் தயாரானதும் 40 செ.மீ.-இலிருந்து விட்டோம். விழுந்தது. 42-இலிருந்து விட்டோம். அதுவும் விழுந்தது. தாங்கி அதற்கு மேல் இல்லை.

எல்லோரும் உடனே சொன்ன காரணம் உராய்வு. நானும் அதைத்தான் சொன்னேன். உப்புத்தாளால் கம்பியைத் தேய்த்தோம், துணியால் துடைத்தோம், தையல் இயந்திர எண்ணெய் தடவினோம். எதுவும் மாறவில்லை. அப்போது ஒரு மாணவி, தண்டவாளத்தின் சமமான பகுதியில் குண்டை மெல்லத் தட்டிவிட்டாள். அது ஒரு மீட்டர் தூரம் கிட்டத்தட்ட வேகம் குறையாமல் போய் முனையில் முட்டி நின்றது. "சார், இவ்வளவு இலகுவாக ஓடுகிற குண்டுக்கு உராய்வு எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தாங்கியை உயர்த்திக் கட்டி வேலையை முடித்திருக்கலாம். ஆனால் வகுப்பில் 'மீதி ஆற்றல் உராய்வில் போய்விட்டது' என்று சொல்லிவிட்டு நகர மனம் ஒப்பவில்லை. எவ்வளவு போயிற்று என்று முதலில் அளப்போம் என்று முடிவு செய்தோம்.

வளையத்தில் அளப்பது கடினம். அதனால் நேரான சாய்தளம் ஒன்று தேவைப்பட்டது. ஓர் அங்குல அலுமினிய ஆங்கிள் (L வடிவப் பட்டை) இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக வாங்கினேன், 210 ரூபாய். அதன் மூலையைக் கீழே வைத்து, இரு பக்கங்களும் 45 டிகிரியில் நிற்குமாறு பிடித்தால் குண்டு பக்கவாட்டில் விலகாமல் தானாகவே நடுவில் ஓடும். 180 செ.மீ. ஓட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் முடுக்கம் கிடைக்கும். அதைச் சரிவின் சைன் மதிப்பால் (முனையை உயர்த்திய அளவை நீளத்தால் வகுத்தால் வருவது) வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் வர வேண்டும். எங்கள் பகுதியில் அது 9.78 மீட்டர்/வினாடி². இதைத் தனி ஊசலிலும் சரிபார்த்துக்கொண்டேன். நூலின் தொங்குபுள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை 100.0 செ.மீ., 50 அலைவுக்கு 100.5 வினாடி. கணக்கிட்டால் 9.77. சாய்தளத்தில் இதைவிடக் குறைவாக எவ்வளவு வருகிறதோ, அந்தக் குறைவுதான் உராய்வு என்பது என் திட்டம்.

ஆங்கிளை இரண்டு முனைகளில் மட்டும் தாங்கி வைத்தபோது நடுவில் தொய்ந்தது. முனையிலிருந்து முனைக்கு நூல் கட்டிப் பார்த்தால் 4 மி.மீ. பள்ளம். பழைய கதவு நிலையின் மரச்சட்டம் ஒன்று ஆய்வகத்தின் மூலையில் கிடந்தது. அதன் மீது 25 செ.மீ.-க்கு ஒன்றாக மர ஆப்புகள் வைத்து ஆங்கிளைக் கிடத்திய பிறகு நூலுக்கும் அதற்கும் இடையே ஒரு தாள்கூட நுழையவில்லை. இந்த வேலைக்கே ஒரு சனிக்கிழமை போயிற்று. ஆனால் இது சரியாக இல்லாவிட்டால் பிறகு எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது.

நேரம் எடுப்பதில் இரண்டு தடவை தடுமாறினோம். விரலால் பிடித்துவிட்ட குண்டு ஒவ்வொரு முறையும் வேறு வேறு நேரம் காட்டியது. விரலை எடுக்கும்போது நம்மை அறியாமலேயே அதை ஒரு தள்ளு தள்ளுகிறோம், இல்லாவிட்டால் இழுத்துப் பிடிக்கிறோம். அதற்குப் பதிலாகச் சிறு கீல் பொருத்திய மரத்தகடு ஒன்றைக் குண்டின் முன்னால் நிறுத்தினோம். நூலைச் சுண்டினால் தகடு முன்பக்கமாகச் சாய்ந்து குண்டின் வழியை விட்டு விலகி, டக்கென்று மரத்தில் விழும். அடுத்தது நிறுத்துக் கடிகாரம். ஆறு மாணவர்கள் ஒரே ஓட்டத்துக்கு 3.4 முதல் 3.8 வரை சொன்னார்கள். அதைக் கைவிட்டு, செல்பேசியில் ஒலிப்பதிவு செய்தோம். தகடு விழும் ஓசை தொடக்கம், கீழ் முனையில் வைத்த இரும்புத் தகட்டில் குண்டு மோதும் ஓசை முடிவு. பதிவைக் கணினியில் ஒலி திருத்தும் மென்பொருளில் திறந்தால் இரண்டு ஓசையும் இரண்டு முள்ளாக எழுந்து நிற்கும். இடைப்பட்ட நேரத்தை வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை படிக்கலாம். செல்பேசியைச் சரியாக நடுவில் வைக்க வேண்டும். ஒரு முனையில் வைத்தால் மறுமுனையின் ஓசை வந்துசேர ஐந்து மில்லி வினாடி கூடுதலாக ஆகும்.

ஒரு முனையை 10 செ.மீ. உயர்த்தினோம். இரண்டு மீட்டருக்கு 10 செ.மீ. என்றால் சைன் மதிப்பு 0.05. நேரம் 3.56 வினாடி. கணக்கிட்டால் 5.7 வந்தது.

இவ்வளவு குறைவை யாரும் எதிர்பார்க்கவில்லை. அளவில்தான் பிழை என்று தேடினோம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை வைத்துப் பார்த்தபோது, ஆய்வகத்தின் தரையே வடிகால் பக்கம் இரண்டு மீட்டருக்கு 6 மி.மீ. சரிந்திருப்பது தெரிந்தது. எங்கள் 10 செ.மீ. உண்மையில் 10.6. தரையைக் கழுவி விட வசதியாக ஆய்வகங்களில் இப்படித்தான் போடுவார்கள், கண்ணுக்குத் தெரியாது. தாழ்ந்த முனைக்கு அட்டை கொடுத்து மட்டத்தைச் சரிசெய்து மறுபடி ஓடவிட்டோம். நேரம் 3.66 வினாடி. பத்து ஓட்டங்களில் மிகக் குறைந்தது 3.65, மிக அதிகம் 3.67. கணக்கு 5.37. பிழையைத் திருத்தியதும் விடை இன்னும் தள்ளிப்போயிற்று.

இதற்கிடையில் ஒன்று மட்டும் முதல் நாளிலிருந்தே அழகாக வந்துகொண்டிருந்தது. 180 செ.மீ.-க்கு 3.66 வினாடி. அதில் கால்பங்கான 45 செ.மீ.-க்கு 1.83. தூரம் நேரத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்னும் விதி அப்படியே நின்றது. கலிலியோ செய்ததும் இதுதான். பன்னிரண்டு முழ நீள மரச்சட்டத்தில் பள்ளம் வெட்டி, அதில் தோல்தாள் ஒட்டி, வெண்கலக் குண்டை உருட்டினார். கடிகாரத்துக்குப் பதிலாக ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியாக ஒழுகிய நீரை எடைபோட்டார். 1638-இல் லெய்டனில் அச்சான அவருடைய நூலில் இந்த விவரம் இருக்கிறது. அவர் விகிதங்களை மட்டுமே ஒப்பிட்டார், முடுக்கத்தின் மதிப்பைக் கணக்கிட முயலவில்லை. எங்களுக்கு வந்த சிக்கல் அவருடைய அளவீட்டில் தலைகாட்டாமல் போனதற்கு அதுவே காரணம் என்று பின்னால்தான் விளங்கியது.

மூன்றாவது வாரம் முழுவதும் உராய்வோடு மல்லுக்கட்டினோம். ஆங்கிளின் உட்புறத்தை 400, 800, 1200 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்தோம். நேரம் 3.66. மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் துணியால் மெருகேற்றினோம். 3.66. தேங்காய் எண்ணெய் தடவினோம். 3.70, மேலும் மோசம், எண்ணெயின் பிசுபிசுப்பு. மண்ணெண்ணெயில் துடைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரவே ஒரு மணி நேரம் ஆயிற்று.

திருப்பம் சரிவை மாற்றியபோது வந்தது. முனையை 20 செ.மீ. உயர்த்தினோம். நேரம் 2.58 வினாடி, கணக்கு 5.4. கிட்டத்தட்ட அதே எண். மாணவர்கள் 'மறுபடியும் அதேதான்' என்று சலித்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது எவ்வளவு விநோதமானது என்று உறைத்தது. உராய்வுதான் 9.78-இல் 4.4-ஐத் தின்கிறது என்றால், சரிவை இருமடங்காக்கும்போது இழுக்கும் விசை இருமடங்காகும், உராய்வோ ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஆகவே குறைவு பாதியாகி, விடை 7.6 அருகே வந்திருக்க வேண்டும். அப்படி வரவில்லை. சரிவு எதுவானாலும் அதே விகிதத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. உராய்வு இப்படிப் பங்கு போட்டு எடுக்காது.

அந்த இரவே பாடநூலில் திண்மப்பொருட்களின் இயக்கம் பற்றிய பகுதியைத் திறந்தேன். ஆண்டுதோறும் நடத்துகிற பாடம். உருளும் பொருளின் இயக்க ஆற்றலில் ஒரு பகுதி முன்னோக்கிச் செல்வதிலும் மறுபகுதி சுழற்சியிலும் இருக்கும். திண்மக் கோளத்தின் நிலைமத் திருப்புத்திறனில் (அதைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பதன் அளவு) 2/5 என்ற பின்னம் வருவதால், சாய்தளத்தில் அதன் முடுக்கம் வழுக்கிச் செல்லும் பொருளைப்போல 5/7 பங்குதான். இதைத் தேர்வுக் கணக்காக எத்தனையோ முறை கரும்பலகையில் போட்டிருக்கிறேன். வளையத்துக்குச் சொல்லப்படும் 2.5 மடங்கு, வழுக்கிச் செல்லும் பொருளுக்கானது. உருளும் குண்டுக்கு 2.7 மடங்கு வேண்டும். இரண்டு கணக்கும் இரண்டு வேறு பாடங்களில் இருப்பதால் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

மறுநாள் உற்சாகத்தோடு 5.37-ஐ 7/5-ஆல் பெருக்கினோம். 7.52. இன்னும் 9.78 இல்லை.

இந்த இடத்தில் இரண்டு வாரம் நின்றுவிட்டோம். தேர்வுகளும் குறுக்கே வந்தன. பிறகு ஒரு நாள், சமதளத்தில் குண்டைத் தட்டிவிட்ட அதே மாணவி, தன் நகப்பூச்சைக் கொண்டுவந்து குண்டின் மீது ஒரு புள்ளி வைத்தாள். சுழல்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவள் எண்ணம். செல்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்து, ஆங்கிளின் பக்கத்தில் அளவுகோலை வைத்து, புள்ளி மேலே வரும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தாள். 50 செ.மீ. தூரத்தில் குண்டு ஒன்பது சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுழன்றிருந்தது. அந்தக் குண்டின் சுற்றளவு 7.98 செ.மீ. ஆறேகால் சுற்றுதான் வர வேண்டும். அவள் எண்ணியது தவறு என்று நினைத்து நானும் எண்ணினேன். எனக்கும் அதே எண்தான் வந்தது.

குண்டு வழுக்கினால் சுற்று குறையுமே தவிர, கூடாது. ஆங்கிளின் முனைப்பக்கமாகக் குனிந்து, குண்டின் பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். குண்டு மூலையைத் தொடவில்லை. அதன் அடியில் இருள்போல ஒரு வெற்றிடம். இருபக்கச் சுவர்களையும் 45 டிகிரி கோணத்தில் பக்கவாட்டில்தான் தொட்டுக்கொண்டிருந்தது. அதாவது குண்டு தன் முழு ஆரமான 12.7 மி.மீ.-இல் உருளவில்லை. சுழல் அச்சிலிருந்து தொடுபுள்ளிகள் இருக்கும் செங்குத்துத் தொலைவு 12.7-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும் 8.98 மி.மீ. பெரிய குண்டு, சிறிய சக்கரத்தின் மீது ஓடுவதுபோல. அந்தச் சிறிய ஆரத்துக்கு ஒரு சுற்றுக்கு 5.64 செ.மீ. 50-ஐ 5.64-ஆல் வகுத்தால் 8.9. மாணவியின் எண்ணிக்கை சரி.

அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுழல வேண்டுமென்றால் சுழற்சிக்குப் போகும் ஆற்றலும் கூடும். ஆரத்தின் இருமடி பாதியாகிவிடுவதால் 2/5 என்பது 4/5 ஆகிறது. முடுக்கம் 5/7 அல்ல, 5/9. எங்கள் 5.37-ஐ 9/5-ஆல் பெருக்கினோம். 9.67. இருபது செ.மீ. உயரத்தில் எடுத்த அளவு 9.73 தந்தது. சரிவு கூடக் கூட 9.78-ஐ நெருங்குகிறது, உண்மையான உராய்வு இருந்தால் நடந்துகொள்ள வேண்டிய விதத்தில். நாங்கள் மூன்று வாரம் தேடிய உராய்வின் பங்கு, சிறிய சரிவில் நூற்றுக்கு ஒன்று. மீதி எல்லாம் குண்டுக்குள்ளேயே சுழற்சியாக இருந்தது, எங்கும் போகவில்லை.

ஒரே சான்றோடு விட மனமில்லாமல் அடிப்பக்கம் தட்டையான அலுமினிய சேனல் ஒன்று வாங்கினேன், உள் அகலம் 29 மி.மீ., 340 ரூபாய். இதில் குண்டு அடியில் ஒரே புள்ளியில் தொட்டு உருளும், ஆகவே 5/7 வர வேண்டும். ஆனால் பக்கச் சுவரில் உரசினால் நேரம் கெட்டுவிடும். குறுக்குவாட்டிலும் ரசமட்டம் வைத்துச் சரிசெய்தும், பத்தில் மூன்று ஓட்டம்தான் உரசாமல் போயிற்று. உரசியதா என்பதை ஒலிப்பதிவே காட்டிக்கொடுத்தது. இரண்டு பெரிய முட்களுக்கு நடுவே சிறு முள் தெரிந்தால் அந்த ஓட்டத்தைத் தள்ளிவிட்டோம். மிஞ்சிய ஓட்டங்களின் சராசரி 3.23 வினாடி. 7/5-ஆல் பெருக்கினால் 9.66. ஒரே குண்டு, ஒரே சரிவு, ஒரே தூரம், பள்ளத்தின் வடிவம் மட்டும் வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் விட்டபோது தட்டைச் சேனலின் குண்டு கிட்டத்தட்ட அரை வினாடி முந்தியது. வகுப்பில் எழுந்த கூச்சலில் பக்கத்து அறை ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

அரை அங்குலக் குண்டையும் ஆங்கிளில் விட்டோம். அதன் எடை பெரியதில் எட்டில் ஒரு பங்கு. நேரம் மாறவில்லை. கண்ணாடிக் கோலியும் அதே நேரம்தான் காட்டியது. அது முழு உருண்டை இல்லாததால் அளவுகள் கொஞ்சம் சிதறின. மேசைப்பந்தாட்டப் பந்து நான்கு வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டது. அது உள்ளீடற்றது, நிறை முழுவதும் ஓட்டிலேயே இருப்பதால் சுழற்சிக்கு இன்னும் அதிகப் பங்கு கேட்கிறது. எடை குறைவானதால் காற்றின் தடையும் அதில் சேர்ந்துகொள்கிறது, அதனால் அந்த அளவைக் கணக்குக்கு எடுக்கவில்லை.

பிறகு வளையத்துக்குத் திரும்பினோம். அங்கும் குண்டு இரண்டு கம்பிகளுக்கு இடையே இறங்கித்தான் உட்கார்ந்திருக்கிறது. வெர்னியர் அளவியால் கம்பிகளின் இடைவெளியைப் பல இடங்களில் எடுத்தோம், 20 மி.மீ.-க்குக் கால் மி.மீ. கூடக்குறைய. கணக்குப்படி குண்டு உருளும் ஆரம் 9.3 மி.மீ. 2/5 என்பது இங்கே 0.74 ஆகிறது. வளையத்தைச் சுற்றத் தேவையான உயரம் ஆரத்தைப்போல 2.87 மடங்கு, அதாவது 43 செ.மீ. நாங்கள் 40-இலும் 42-இலும் விட்டுக்கொண்டிருந்தோம். உராய்வில் ஆற்றல் சிறிதும் போகாமல் உருண்டிருந்தாலும் அது விழுந்துதான் இருக்கும். எவ்வளவு எண்ணெய் தடவியும் பயனில்லாமல் போனதன் காரணம் அந்த ஒரு எண்ணில் இருந்தது.

புதிய தாங்கியை 55 செ.மீ. உயரத்தில் வெட்டி, ஒரு செ.மீ.-க்கு ஒரு துளை போட்டோம். 43-இல் விழுந்தது. 44-இல் இருபதுக்கு மூன்று முறை சுற்றியது. 45-இல் பதினொன்று. 46-இல் இருபதும். மேலேயுள்ள 3 செ.மீ.தான் உராய்வும் பற்றவைத்த இணைப்புகளில் குண்டு அதிர்வதும் எடுத்துக்கொள்ளும் பங்கு. முதல் நாள் உராய்வுக்கு என்று நாங்கள் ஒதுக்கிய இரண்டரை செ.மீ. ஏறத்தாழ சரியாகவே இருந்திருக்கிறது.

கம்பி 90, பற்றவைப்பு 250, ஆங்கிள் 210, சேனல் 340, மூன்று எஃகுக் குண்டுகள் 75, ஒட்டுப்பலகை 120. மொத்தம் 1,085 ரூபாய். மரச்சட்டமும் கீலும் ஆய்வகத்தில் கிடந்தவை. ஆய்வக உதவியாளர் அண்ணன் தன் வீட்டிலிருந்து தண்ணீர்க் குழாயைக் கொண்டுவந்தார். வளையம் இல்லாமல் சாய்தளம் மட்டும் போதும் என்பவர்களுக்கு 250 ரூபாய்க்குள் முடியும். என்னைக் கேட்டால் ஆங்கிளும் குண்டும் நகப்பூச்சுமே போதும், வளையத்தைவிட அதில்தான் மாணவர்கள் அதிகம் கற்றார்கள்.

மறுபடி செய்வதாக இருந்தால் மட்டத்தை முதல் நாளே தண்ணீர்க் குழாயால் பார்ப்பேன், சரிவை இரண்டாவது நாளே மாற்றிப் பார்ப்பேன். குண்டில் புள்ளி வைப்பதையும் தள்ளிப்போட மாட்டேன். தண்டவாளத்தின் இடைவெளியைக் குறைப்பேன். 12 மி.மீ. வைத்தால் குண்டு அவ்வளவாக இறங்காது, உருளும் ஆரம் 11.6 மி.மீ. ஆகும். தேவையான உயரம் 2.74 மடங்காகக் குறைந்து 41 செ.மீ.-இல் நிற்கும். 24 மி.மீ. வைத்தால் 3.1 மடங்கு, 46.5 செ.மீ. இந்த இரண்டையும் செய்து, மூன்று வளையங்களையும் ஒரே மேசையில் நிறுத்தலாம் என்று மாணவர்கள் சொல்கிறார்கள். கம்பி இன்னும் பாதிக் கட்டு மிச்சம் இருக்கிறது. பாயிடம் அடுத்த வெள்ளிக்கிழமைக்குச் சொல்லியிருக்கிறேன்.